மந்திரக்கோல் கடைய தேக்கா, சவுக்கா, பலாவா?

அக்கா பொண்ணுக்கு 10 வயசு ஆகப்போகுது, பொறந்தநாளுக்கு ஷோகேஸ்ல வைக்கிற மாதிரி மரத்துல ஒரு மந்திரக்கோல் வேணும் சித்தின்னு கேட்டா. போன வருஷம் ஆன்லைன்ல வாங்குன ரெசின் கோல் ரெண்டே மாசத்துல நுனி ஒடஞ்சு உள்ள இருந்த கம்பி வெளிய நீட்டிடுச்சு, அத திரும்ப வாங்குற பேச்சே இல்ல. முத்தியால்பேட்டையில எங்க வீட்டு ஜன்னல் செஞ்ச ஆசாரி அண்ணன்கிட்ட கேட்டேன், அவரு தெரிஞ்ச கடைசல் பட்டறையில 14 இஞ்ச் நீளத்துல மூணு மரத்துலயும் ஒவ்வொண்ணு கடைஞ்சு வாங்கிக் குடுத்தாரு.

யாரக் கேட்டாலும் மொதல்ல தேக்குன்னுதான் சொல்வாங்க. தப்பில்ல, பாண்டி கடல் காத்துக்கு வளையாம நிக்கும், கரையானும் லேசுல தொடாது. ஆனா கைப்பிடியில மெல்லிசா வளையம் வளையமா வெட்டும்போது ஓரம் பேந்து பேந்து வருது, உப்புத்தாள் எவ்வளவு போட்டாலும் கிட்ட வச்சுப் பார்த்தா துளைத்துளையா தெரியுது. பெரிய கதவுல அழகா இருக்குற அந்த ரேகை பென்சில் தடிமன் கோல்ல எடுபடல.

சவுக்கு கடலூர் பக்கம் போனா கட்டு கட்டா கிடைக்கும், செலவே இல்ல. கடையாம பட்டையோட ஒரு கிளைய அப்படியே எடுத்து கைப்பிடி மட்டும் செதுக்குனா காட்டுல கண்டெடுத்த கோல் மாதிரியே இருக்கும், எனக்கு அந்த லுக் ரொம்பப் பிடிச்சுது. ஆனா ஈரம் போகாத கட்டை காயக் காய வெடிச்சிடும். என்னோடது மூணாவது வாரமே நீளவாக்குல கீறல் விட்டுச்சு.

இப்போ பலா. இதப்பத்திதான் முக்கியமா சொல்லணும்னு எழுத உட்கார்ந்தேன். தஞ்சாவூர் வீணை செய்யுறதே பலா மரத்துலதான், அதுக்கு பண்ருட்டி பலாவுக்கு தனி மதிப்பு. 2011 டிசம்பர் 30 'தானே' புயல்ல பண்ருட்டி பக்கம் பலா முந்திரின்னு எவ்வளவோ மரம் சாஞ்சுச்சே, அதுல எங்க தாத்தா தோட்டத்து பலாவும் ஒண்ணு, அத அறுத்த பலகையில ஒரு துண்டு இத்தன வருஷமா பரண்லயே கிடந்துச்சு. நல்லா காஞ்ச மரம், உளி வச்சதும் வெண்ணெய் மாதிரி சீவல் வந்துச்சுன்னு அண்ணன் சொன்னாரு. கைப்பிடி வளையம் ஒண்ணுகூட பேந்து வரல. கடைஞ்சு எடுத்தப்போ மஞ்சக்கிழங்கு கலரு, வெளிச்சம் பட பட தேன் கலருக்கு மாறி அப்புறம் செம்பழுப்பா ஆகும், தேக்குல இந்த மாத்தம் இவ்வளவு தெரியாது. எடுக்கும்போது வெளிறு (பட்டைய ஒட்டுன வெளுத்த மரம்) இல்லாம உள்ள இருக்குற கெட்டியான வைரப் பகுதியா பாத்து எடுக்கணும், பூச்சி மொதல்ல வெளிறுலதான் பிடிக்கும்.

எந்த மரமா இருந்தாலும் ரேகை நுனி வரைக்கும் நேரா ஓடணும், குறுக்கால வெளிய போச்சுன்னா அந்த எடத்துலதான் ஒடியும். நுனிய கடைசியா மெலிசாக்க சொல்லுங்க, முன்னாடியே மெலிசாக்கிட்டா மெஷின்ல அதிரும்.

பாலிஷ் விஷயத்துல கர்நாடகா சென்னப்பட்டணா மரப்பொம்மைக்கு பண்ற மாதிரி அரக்கு போடலாம், சுத்துற மரத்து மேல அரக்குக் குச்சிய அழுத்துனா அந்த சூட்டுலயே உருகி ஒட்டிக்கும், அப்புறம் தாழை மடல் வச்சு தேய்ச்சா பளபளப்பு வந்துடும். தேக்குக்கு அது நல்லா இருக்கும். பலாவுக்கு வேணாம், கலர் அரக்கு அந்த மஞ்சள மூடிடும், தேன்மெழுகு மட்டும் தேய்ச்சா போதும். வார்னிஷ் போட்டா பிளாஸ்டிக் மாதிரி ஆயிடுது, எனக்கு பிடிக்கல.

ரொம்பச் சின்னப் புள்ளைங்களுக்குன்னா மரமே வேணாம், கூரா இருக்கும். பாண்டி பக்கம் திருக்கனூர்ல காகிதக்கூழ் பொம்மை செய்யுறவங்க இருக்காங்க, அந்த மாதிரி லேசா ஒண்ணு செஞ்சு தருவாங்களான்னு கேட்டுப் பாருங்க.

அவளுக்கு பலாக் கோலத்தான் குடுத்தேன், தாத்தா மரம்னு சொன்னதும் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா. ஷோகேஸ் ஜன்னல் பக்கத்துல இருக்கு, ஒரு பக்கம் மட்டும் கருத்துப் போகாம இருக்க வாரம் ஒரு தடவ திருப்பி வைக்கச் சொல்லியிருக்கேன்.