குட்டைப் பாசிக்கு இழுவை வாரி: கருப்பூர் பக்கத்துப் பட்டறையில் செய்து வாங்கியது

பண்ணைக்குட்டையில் பாசி பிடித்து ஆடு மாடு தண்ணீர் குடிக்கத் தயங்குகிறது என்றால், மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போங்கள். சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில், கருப்பூர் பக்கம் ஒரு பட்டறையில், கயிறு கட்டிப் பாசியை இழுத்து அள்ளும் இழுவை வாரி ஒன்று சொல்லிச் செய்து வாங்கினேன். விலை 2,400 ரூபாய், கயிறு தனி. வாங்கி ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாண்டிவிட்டது. என்னைப் போலச் செம்மறி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட உருப்படியான பொருள் கிடையாது.

எங்கள் தோட்டம் காடையாம்பட்டி பக்கம், சேர்வராயன் மலை அடிவாரம். குட்டை 80 அடி நீளம், 50 அடி அகலம், சராசரி 5 அடி ஆழம். பிளாஸ்டிக் விரிப்பு போடாத மண் குட்டை. மழை பெய்தால் மேட்டுக்காட்டுத் தண்ணீர் எருவையும் யூரியாவையும் கழுவிக்கொண்டு நேராக உள்ளே இறங்கும். மாசி, பங்குனியில் வெயில் ஏறித் தண்ணீர் குறையும்போது கரையோரமாகப் பச்சை நூல் கிளம்பும். இந்த இழைப்பாசி முதலில் அடிச் சேற்றில்தான் வளர்கிறது. பகலில் அது விடும் ஆக்ஸிஜன் குமிழிகள் இழைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு மொத்தப் பாயையும் மேலே தூக்கிவிடுகின்றன. நேற்று சுத்தமாகத் தெரிந்த தண்ணீர் இன்றைக்கு மூடிக் கிடப்பது அதனால்தான்.

வாரியைப் பற்றிச் சொல்கிறேன். நாலு அடி அகலச் சதுரக் குழாய்ச் சட்டம், அதில் வரிசையாகக் கம்பிப் பற்கள். பல் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், நுனி கொஞ்சம் உள்பக்கமாக வளைந்திருக்கும். பாசி அந்த வளைவில்தான் சிக்கிச் சுருளுகிறது, நேரான பல்லில் வழுக்கிப் போய்விடும். பற்களை இன்னும் நெருக்கமாக வைக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "வேண்டாங்க்கா, நெருக்கமா வெச்சா சேறும் சேந்து வரும், கைதான் விட்டுப்போகும்" என்று இரண்டு விரல் இடைவெளி வைத்தார். அவர் சொன்னதுதான் சரி. சட்டத்தின் மேலே இரண்டு முனையும் அடைத்த பிவிசி குழாய் ஒன்றைக் கிளாம்பு போட்டு மாட்டியிருக்கிறது. அதை மாட்டினால் வாரி மிதந்து மேல்பாசியை அள்ளும், கழற்றினால் அடிக்குப் போய்த் தரைப்பாசியைப் பறிக்கும். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே 2,400 கொடுக்கலாம்.

இரண்டு பக்கமும் கயிறு கட்டி, நான் ஒரு கரையில், என் நாத்தனார் எதிர்க்கரையில் நின்றுகொள்வோம். அவள் வெறும் வாரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள், நான் பாசியோடு இந்தப் பக்கம் இழுப்பேன். ஆள் தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. கரைக்கு வரும்போது ஈரப்பாசி நல்ல கனம் கனக்கும், ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். கரைமேட்டில் குவித்து ஒரு பொழுது விட்டால் பாதிக்கு மேல் வடிந்துவிடும். உள்ளே மாட்டிய தலைப்பிரட்டையும் மீன்குஞ்சும் திரும்பத் தண்ணீருக்குள் ஓட அந்த நேரம் போதும். அப்புறம் தென்னை மரத்தடிக்கு மூடாக்கு. குவியலைக் கரையிலேயே விட்டுவிடாதீர்கள், அடுத்த மழை அத்தனை சத்தையும் திரும்பக் குட்டைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

குறையும் உண்டு. முதலில் போட்டுக் கொடுத்த கம்பி மெல்லியது. அடியில் கிடந்த பழைய வேரில் மாட்டி நடுப் பற்கள் மூன்று வளைந்துவிட்டன. திரும்பக் கொண்டுபோனதும் தடித்த கம்பியாக மாற்றிக் கொடுத்தார், காசு கேட்கவில்லை. பெயின்ட் சரியில்லை, மூன்றாம் மாதமே உரிந்து துரு கண்டது. கூடவே விற்ற நைலான் கயிறு மெல்லியது, ஈரக்கையில் வெட்டுகிறது. கட்டைவிரல் தடிமனுக்குத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்கிற தாமிர உப்பு) கலக்கினால் இரண்டு நாளில் பாசி செத்துவிடுமே, எதற்கு இந்தப் பாடு என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு கடையில் என் குட்டையின் அளவைக்கூடக் கேட்காமல் "ரெண்டு கிலோ போடுங்க" என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 80, 50, 5 மூன்றையும் பெருக்கினால் 20,000 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக ஏறக்குறைய 5,66,000 லிட்டர். பாசிக்கு வழக்கமாகச் சொல்லும் அளவான லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வைத்தால் 570 கிராம் போதும். அவர்கள் சொன்னது அதைப் போல மூன்றரை மடங்கு. காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் மென்தண்ணீரில் சரியான அளவுகூட மீனைக் கொன்றுவிடும். மழைத் தண்ணீர் மட்டும் நிற்கும் குட்டையில் இதை யோசிக்காமல் இருக்கவே கூடாது.

எனக்கு மீனைவிட ஆடு முக்கியம். நாங்கள் வளர்ப்பது மேச்சேரி ஆடு, இந்த மண்ணின் செம்மறி. பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த இனச் செம்மறியானாலும் தாமிரம் அதற்கு ஆகாது. மாடு தாங்கும், வெள்ளாடுகூட ஓரளவு தாங்கும். செம்மறியின் ஈரலில் தாமிரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் லாரிப் பயணமோ தீவனக் குறைவோ வந்தால் மொத்தமும் ரத்தத்தில் கலந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் சிவந்து, ஓரிரு நாளில் ஆடு விழுந்துவிடும். தாமிரம் மக்கிப்போகிற பொருளும் அல்ல, போட்டதெல்லாம் சேற்றில் தங்கும். அப்படிப்பட்டதை ஆடு குடிக்கிற தண்ணீரில் நான் கலக்க மாட்டேன், நீங்களும் கலக்காதீர்கள்.

அதோடு, மருந்தில் செத்த பாசி எங்கே போகும்? அங்கேயே அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதனால்தான் தெரிந்தவர்கள் ஒரு தடவைக்குக் குட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மருந்து தொடமாட்டார்கள். அழுகி முடிந்ததும் அந்தச் சத்தைத் தின்று அடுத்த பாசி வரும். வாரியால் இழுத்துப் போட்டால் சத்தும் சேர்ந்து வெளியே போகிறது. இந்தக் கோடையில் எங்கள் குட்டையில் வந்த பாசி போன கோடையில் பாதிதான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் வாரி உதவாது. தண்ணீரே பச்சையாகக் கலங்கி நின்றால் அது நுண்பாசி, பல்லில் சிக்காது. ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். நூல் நூலாகத் தொங்கினால் இழைப்பாசி, வாரி போடலாம். பச்சை பெயின்டில் முக்கி எடுத்த குச்சி போல வந்தால் நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். அது காற்றடிக்கும் திசையில் கரையோரம் ஏடு கட்டி ஒதுங்கும், அதில் நஞ்சு இருக்கக்கூடும். ஆடு மாட்டை உடனே வேறு தண்ணீருக்கு மாற்றுங்கள், கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். அந்த நேரத்தில் மருந்து தெளித்தால் பாசி உடைந்து நஞ்சு முழுவதும் ஒரேயடியாகத் தண்ணீரில் இறங்கும்.

தண்ணீருக்கடியில் கொடி மாதிரி வளரும் ஹைட்ரில்லாவுக்கும் இதைப் போடாதீர்கள். அறுந்த துண்டு ஒவ்வொன்றும் புதுக் கொடியாகிவிடும். அதற்குப் புல்கெண்டை மீன் விடலாம். மெல்லிய நீர்க்கொடியை அது நன்றாகத் தின்னும், இழைப்பாசியை அவ்வளவாகத் தொடாது. குட்டையில் விரால் இருந்தால் பொடிக் குஞ்சாக விடாமல் விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்ததாகப் பார்த்து விடுங்கள். ஆகாயத்தாமரை ஒன்றிரண்டாக இருக்கும்போதே கையால் வேரோடு எடுத்துவிடுவது நல்லது, கூட்டமான பிறகு வாரியால் மாளாது. பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டைக்குள் இந்த வாரி போகவே கூடாது, ஒரே இழுப்பில் கிழிந்துவிடும்.

எங்கள் குட்டையில் பாசி குறைந்ததற்கு வாரி மட்டும் காரணம் இல்லை. குட்டையைச் சுற்றிக் கிளுவை வேலி போட்டு, மாடு உள்ளே இறங்குவதை நிறுத்தினோம். மாடு தண்ணீரில் நின்றால் சாணியும் அங்கேதான் விழும். இப்போது குழாய் வைத்து வெளியே தொட்டியில் விடுகிறோம், ஆடும் மாடும் அங்கேயே குடிக்கின்றன. மேட்டுக்காட்டுத் தண்ணீர் இறங்கும் வாயில் வெட்டிவேர் நட்டிருக்கிறோம். கரையோரம் ஒரு அடி ஆழத்துக்குத் தட்டையாகக் கிடந்த இடத்தை வெட்டிச் சரிவாக்கினோம், பாசி முதலில் கிளம்புவதே அந்த ஆழமில்லாத இடத்தில்தான்.

வாரி செய்யக் கொடுப்பவர்கள் மூன்று விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கம்பி தடிமனாக இருக்கட்டும், பிவிசி மிதவை கழற்றி மாட்டும்படி இருக்கட்டும், கயிறு கட்டும் வளையம் இரண்டு பக்கமும் வேண்டும். குட்டை 60 அடிக்கு மேல் அகலம் என்றால் நாலு அடிச் சட்டம் போதாது என்று ஆறு அடி கேட்காதீர்கள். பாசியோடு சேர்ந்தால் இரண்டு பெண்கள் இழுக்கிற கனமாக அது இருக்காது. பெயின்ட் வேண்டாம் என்று சொல்லி அந்தக் காசைக் குறைத்துக்கொண்டு, ரெட் ஆக்சைடை நீங்களே வாங்கி இரண்டு கோட்டிங் அடித்துவிடுங்கள்.