நாற்றுமுடியும் பவர் டில்லரும்: தோலின் இரு உணரிகள்

திருவையாறு பக்கம் குறுவை நடவு. இடது கையில் நாற்றுமுடி. பிடித்திருக்கும் வரை அந்த அழுத்தத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பவை விரல்நுனியின் மெர்க்கல் செல்கள். தோல் அழுந்தியதும் இந்தச் செல்களின் சவ்விலுள்ள பியசோ2 என்ற நுண்வாயில் திறக்கிறது. நேர்மின் அயனிகள் உள்ளே பாய, நரம்பில் மின்துடிப்பு கிளம்புகிறது. அழுத்தம் கூடக்கூடத் துடிப்புகள் நெருக்கமாகும். (பியசோவைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டாபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எவ்வளவு தகுதியான பரிசு!) சேற்றின் இளக்கம் பார்த்து நாற்றை ஊன்ற மெர்க்கல்தான் பெரிய துணை என்பேன்.

பசீனியன் உணரி வேறு ரகம். தோலின் ஆழத்தில், சுமார் 1 மில்லிமீட்டர் நீளத்தில், வெங்காயம்போல் அடுக்கடுக்காக இருக்கும். அழுத்தம் அப்படியே நிலைத்தால் அடுக்குகள் நெகிழ்ந்து அதைத் தாங்கிக்கொள்ளும், நரம்பு அடங்கிவிடும். தொடும்போதும் விடும்போதும்தான் துடிக்கும். பவர் டில்லர் கைப்பிடி அதிரும்போதோ அதற்கு ஓய்வே இல்லை.