வாட்ஸ்அப் குழுவா, யூடியூப் வீடியோவா?

அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ தனியாக ஆபரேஷன் செய்யும் சர்ஜனுக்கு ராத்திரி ஒரு சந்தேகம் வந்தால் வாட்ஸ்அப் குழுதான். ஸ்கேன் படத்தைப் போட்டால் பாளையங்கோட்டையிலிருந்து சீனியர் யாராவது பதில் சொல்லிவிடுவார். ஆனால் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நுணுக்கம் மங்கிப்போகும். டாக்குமென்டாக அனுப்புவது நல்லது. நோயாளியின் பெயரை மறைக்காமலே சிலர் போடுகிறார்களே, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

யூடியூப் அவசரத்துக்கு ஆகாது, கற்றுக்கொள்ள அருமை. லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) பித்தப்பையை எடுக்கும்போது, அதற்குள் போகும் பித்தக் குழாயும் தமனியும் தனித்தனியாகத் தெரிந்த பிறகுதான் வெட்ட வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தால் பாதிதான் புரியும். வீடியோவை நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்த்தால் பிடிபடும். என்ன, சொதப்பிய கேஸை யாரும் லேசில் ஏற்ற மாட்டார்கள். வீங்கி ஒட்டிப்போன பித்தப்பையில் ஆபரேஷனை எங்கே நிறுத்துவது என்பதைக் குழுவில் திட்டு வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.