கச்சேரி எடுக்க செகண்ட் ஹேண்ட் லென்ஸ், கேமரா வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மேடைக் கச்சேரிகளைப் படமெடுக்கப் புதிதாக இறங்குகிறவர்கள் ஒரே மாதிரிதான் ஏமாற்றப்படுகிறார்கள். தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் 70-200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸைப் (எஃப் எண் சிறிதானால் ஒளி அதிகம் நுழையும்) புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது, அதனால் செகண்ட் ஹேண்டில் தேடுகிறார்கள். விற்கிறவர் பட்டப்பகலில் நல்ல வெளிச்சமான இடத்துக்கு வரச் சொல்கிறார். லென்ஸைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார். பத்துப் படம் எடுத்துக் கேமராத் திரையில் காட்டுகிறார், பத்தும் அருமையாக இருக்கிறது. பணம் கைமாறுகிறது.

முதல் கச்சேரியில், பாடகருக்குப் பின்னாலிருக்கும் நீல விளக்கு நேராக லென்ஸுக்குள் அடிக்கும்போது படம் முழுக்கப் பால் தெளித்தது போல வெளுத்துவிடுகிறது. கறுப்புச் சட்டை சாம்பல் நிறமாகிறது, முகத்தில் நிழலே இல்லை. விற்றவரைக் கூப்பிட்டால் "நீங்க பார்த்துதானே வாங்கினீங்க" என்பதுதான் பதில்.

பார்த்துத்தான் வாங்கினார்கள், ஆனால் பகலில் பார்த்தார்கள். பகல் வெளிச்சத்தில் ஒளிந்துகொண்டு மேடை வெளிச்சத்தில் மட்டும் தலைகாட்டும் பழுதுகள் நிறைய உண்டு. விற்கிறவர்களில் பலருக்கு அது நன்றாகத் தெரியும்.

மேலே சொன்னது ஹேஸ். உள் கண்ணாடிகளில் மெல்லிய புகைபோலப் படியும் மூட்டம் அது. வெயில் முதுகுப் பக்கமிருந்து வரும்போது எடுத்தால் படத்தில் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் (இருளுக்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாடு) குறையும், அவ்வளவுதான், யாரும் கவனிக்க மாட்டார்கள். எதிர்விளக்கு விழுந்தால் அந்த மூட்டம் முழுவதும் ஒளிர்ந்து படத்தின் மேல் திரையாகிவிடும். கச்சேரி மேடையிலோ பாதி விளக்குகள் நம்மைப் பார்த்துத்தான் இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு டார்ச் போதும். லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, முன் பின் மூடிகளை எடுத்துவிட்டு, இருட்டான மூலைக்குப் போங்கள். பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். டார்ச்சை நேராக அடிக்காதீர்கள், கண் கூசுமே தவிர மூட்டம் தெரியாது. சில லென்ஸ்களைக் கழற்றியதும் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) இதழ்கள் மூடிக்கொள்ளும். அவற்றில் மவுன்ட் (கேமராவில் பொருத்தும்) பக்கமுள்ள சின்ன நெம்புகோலை விரலால் தள்ளித் திறந்துகொள்ள வேண்டும். இரண்டு மூன்று தூசித் துகள்கள் இருந்தால் பயமில்லை, அவை படத்தில் வராது. ஒரே சீரான வெண்மூட்டமோ சிலந்தி நூல் மாதிரிக் கிளைவிட்ட கோடுகளோ தெரிந்தால் வாங்காதீர்கள். அந்த நூல் பூஞ்சை. "ஒரு தடவை கிளீன் பண்ணியாச்சு" என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். பூஞ்சை கண்ணாடிப் பூச்சையே அரித்திருந்தால், துடைத்த பிறகும் தழும்பு அங்கேயே இருக்கும், எதிர்விளக்கில் வேலையைக் காட்டும்.

அடுத்து ஃபோகஸ். டிஎஸ்எல்ஆர் (சென்சாருக்கு முன்னால் மடங்கும் கண்ணாடி உள்ள கேமரா) வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஃபுல் ஃப்ரேம் (படம் பதியும் சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள) கேமராவில் 200 மி.மீ., எஃப் 2.8 வைத்து 5 மீட்டரில் நிற்கும் பாடகரை எடுத்தால், கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 10 செ.மீ.தான். லென்ஸ் சில செ.மீ. முன்னால் ஃபோகஸ் செய்தாலும் போச்சு: மைக்கின் கம்பிவலையில் ஒவ்வொரு கண்ணியையும் எண்ணலாம், பாடகரின் கண்கள் மட்டும் மங்கலாக இருக்கும். இந்த முன்பின் பிசகு வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போதுதான் வரும். அதனால்தான் சில விற்பனையாளர்கள் லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுக்கும் முறை) எடுத்துக் காட்டுகிறார்கள். அதில் சென்சாரே ஃபோகஸைச் சரிபார்ப்பதால் பிசகு மறைந்துவிடும். நீங்கள் வியூஃபைண்டரில் கண்ணை வைத்து, நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் தேர்ந்து, எஃப் 2.8-இல் அச்செழுத்துள்ள ஒரு பெட்டியைச் சாய்வாக எடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் பத்துப் படம் வேண்டும். பத்தும் ஒரே அளவு முன்னால் விழுந்தால், ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் (ஃபோகஸ் பிசகை ஈடுகட்டும் அமைப்பு) வசதியுள்ள பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா) சரிசெய்துகொள்ளலாம். முன்னும் பின்னுமாகச் சிதறினால் விட்டுவிடுங்கள். கிட்டத்திலிருந்து தூரத்துக்கும் திரும்பவும் இருபது தடவை ஃபோகஸை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கிறீச் என்ற சத்தம் வந்தால் மோட்டாரின் ஆயுள் முடிகிறது என்று அர்த்தம். லென்ஸை ஆட்டினால் உள்ளே லேசாகக் கடகடப்பது வேறு விஷயம். ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் பாகம்) உள்ள பல லென்ஸ்களில் அது இயல்புதான்.

எஃப் 2.8-இல் மட்டும் எடுத்துக் காட்டி முடித்துவிட்டார் என்றால், எஃப் 8-இல் பத்துப் படம் கேளுங்கள். அப்பர்ச்சருக்குப் போகும் ரிப்பன் கேபிள் அறுந்த லென்ஸ் முழுசாகத் திறந்த நிலையில் ஒழுங்காக வேலை செய்யும். அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் (ஒரு படி) மூடியதும் கேமரா எர்ரர் காட்டி நின்றுவிடும்.

ஒரு பக்கம் மட்டும் மங்கலாக வருகிறதா என்பதையும் பாருங்கள். செங்கல் சுவர் ஒன்றை நேராக எடுத்துவிட்டு, கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். மங்கல் படத்தின் அதே மூலையில் இருந்தால் லென்ஸில் கோளாறு. எதிர் மூலைக்கு மாறினால் நீங்கள் சாய்ந்து நின்றிருக்கிறீர்கள்.

பாடிக்கு வருவோம். எல்லோரும் ஷட்டர் கவுன்ட்டைத்தான் (இதுவரை எத்தனை தடவை ஷட்டர் ஓடியது என்ற எண்ணிக்கை) கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான், ஆனால் படத்தின் ஃபைல் எண்ணைக் காட்டி "நாலாயிரம்தான் ஓடியிருக்கு" என்றால் ஏற்காதீர்கள். அந்த எண் 9999 தாண்டியதும் முதலிலிருந்து தொடங்கும். சில கேமராக்கள் உண்மையான எண்ணிக்கையைப் படத்தின் எக்சிஃப் தகவலில் (படத்தோடு சேர்ந்து பதியும் விவரம்) எழுதும். மற்றவற்றில் பலவற்றைக் கணினியில் மென்பொருள் கொண்டு படிக்கலாம்.

அதைவிட முக்கியமாக, அந்த பாடி எங்கே வேலை செய்தது என்று கேளுங்கள். மேடை நிகழ்ச்சிகளில் ஓடிய கேமராவை லேசர் சுட்டிருக்கலாம். லேசர் கதிர் ஒரு நொடி நேராக விழுந்தாலே சென்சாரில் புள்ளியாகவும், அதன் வழியே குறுக்கிலோ நெடுக்கிலோ ஓடும் கோடாகவும் தழும்பு விழும். டிஎஸ்எல்ஆரில் படம் எடுக்கும் கணம் தவிர மற்ற நேரம் கண்ணாடியும் ஷட்டரும் மறைத்திருக்கும். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் சென்சார் எப்போதும் திறந்தே கிடக்கிறது, ஆபத்தும் அதற்கேற்ப அதிகம். பகல் படத்தில் இலை தழைகளுக்கு நடுவே அந்தக் கோடு கண்ணுக்குப் படாது. மேடையின் கறுப்புப் பின்னணியில் பச்சையாகவோ ஊதாவாகவோ நிற்கும், எடுக்கிற ஒவ்வொரு படத்திலும். இதற்கு சென்சாரை மாற்றுவது தவிர வழியில்லை. லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400, 1/60 நொடியில் ஒன்று, எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை ஒன்று, இரண்டையும் ரா ஃபைலாக (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுத்து 100 சதவீதத்தில் ஓரம் விடாமல் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். லேப்டாப்பையும் உங்கள் சொந்த மெமரி கார்டையும் கொண்டுபோங்கள். "உங்க கார்டைப் போடாதீங்க" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

சைலன்ட் ஷட்டரைக் காட்டி "கச்சேரிக்கென்றே செஞ்ச கேமரா" என்று விலையைக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சத்தமில்லாமல் எடுப்பது எலக்ட்ரானிக் ஷட்டர். சாதாரண சென்சாரில் அது படத்தை வரிவரியாக மெதுவாகப் படிக்கும். எல்இடி விளக்கோ கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரியும். விளைவு, முகத்தின் குறுக்கே இருளும் ஒளியுமாகப் பட்டைகள். இதைப் பழுது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வசதிக்காகக் கூடுதலாக ஒரு காசும் கொடுக்க வேண்டாம். எல்இடி மேடையில் மெக்கானிக்கல் ஷட்டரைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள்.

கடைசியாக, பேரத்தோடு "இலவசமாக" வரும் மெமரி கார்டு. போலிக் கார்டில் 64 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், கேமராவும் கணினியும் அப்படியே காட்டும். உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று 28 எம்பி என்று வைத்தால், ஏறக்குறைய 280 படம் வரை எல்லாம் சரியாகப் போகும். வீட்டில் ஐம்பது படம் எடுத்துச் சோதித்தவருக்கு ஒன்றும் தெரியாது. கச்சேரியில் 280 தாண்டியதும், பழைய படங்களின் மேலேயே புதியவை எழுதப்படும், அல்லது புதியவை எங்கும் பதியாமல் போகும். மேலெழுதப்பட்ட படம் எந்த மீட்பு மென்பொருளிலும் திரும்பாது. புதுக் கார்டு வந்ததும், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 (F3), இரண்டும் இலவச மென்பொருள்கள், ஒன்றைப் போட்டுக் கார்டு முழுவதையும் எழுதிப் படித்துப் பாருங்கள். 64 ஜிபிக்கு நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுப் படுத்துவிடலாம். அட்டையில் பெரிதாக அச்சிட்ட வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். உங்களுக்கு வேண்டியது எழுதும் வேகம், அதற்கு வி30, வி60 குறிகளைப் பாருங்கள். பல இடங்களில் முதல் மூன்று பாடல்களுக்குத்தான் முன்னால் நின்று எடுக்க அனுமதி. அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பஃபர் (கார்டில் எழுதும் வரை படங்கள் தங்கும் நினைவகம்) நிரம்பிக் கேமரா உறைந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. யுஎச்எஸ்-2 (வேகமான கார்டு வகை) என்று விற்கும் எஸ்டி கார்டின் பின்புறம் இரண்டு வரிசைத் தொடுமுனைகள் இருக்க வேண்டும். ஒரே வரிசை என்றால் பொய்.

இத்தனையும் சரியாக இருந்தாலும், "ஹேஸ், பூஞ்சை, லேசர் தழும்பு இல்லை, 48 மணி நேரத்துக்குள் பழுது தெரிந்தால் பணம் வாபஸ்" என்று விற்பவரிடம் மெசேஜில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னதைப் பின்னால் நிரூபிப்பது கடினம். லென்ஸ், பாடி இரண்டின் சீரியல் எண்ணும் அதே மெசேஜில் இருக்க வேண்டும். பார்சலில் வந்தால், பிரிப்பதற்கு முன்பிருந்தே இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள், சீரியல் எண் தெளிவாகத் தெரியட்டும். கிடைத்த அன்று இரவே அறையை இருட்டாக்கி, ஒரு மேசை விளக்கை லென்ஸைப் பார்க்கத் திருப்பி, அதன் முன்னால் ஒருவரை உட்காரவைத்து எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 1/250 நொடியில் முப்பது படம் எடுத்துப் பாருங்கள். தவறு தெரிந்தால் ரா ஃபைல்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். அடுத்த கச்சேரி வரை காத்திருந்தால் பெரும்பாலான விற்பனைத் தளங்களில் புகார்க் கெடு முடிந்திருக்கும்.