ஹைலக்ஸா, டி-மேக்ஸா? படகு இழுக்கிற ஆக்களுக்கு

கடதாசியில் இந்த ரெண்டு பிக்கப் வண்டியும் ஒன்றுதான். பிரேக் உள்ள ட்ரெயிலர் என்றால் 3,500 கிலோ, பிரேக் இல்லாததென்றால் 750 கிலோ இழுக்கலாம். வித்தியாசம் நிலாவெளி மணலில் பின்சில்லு புதையும்போதுதான் தெரியும்.

டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 லீட்டர், ஓட்டோ கியர் என்றால் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை; இஞ்சின் நிமிசத்துக்கு 1,600 சுற்று சுற்றும்போதே முழுசும் வந்துவிடும். லோ ரேஞ்சில் (நாலு சில்லும் மெல்ல, பலமாக இழுக்கிற கியர்) போட்டு மெல்ல விட்டால், சில்லு மணலைக் கிளறாமல் படகு பின்னால் வரும். மெனுவலுக்கு 420தான், அதோடு ஈர மணலில் கிளட்ச் மணக்கத் தொடங்கும்.

இசுசு டி-மேக்ஸ் 3.0 லீட்டர் 450. கந்தளாய்ப் பக்கம் பாரத்தோடு ஓட அது தாராளம். 1.9 லீட்டர் வண்டி 350தான். ஹயருக்குச் சரி, ஐஸ் பெட்டியும் இஞ்சினும் ஏற்றின படகுக்கு வேண்டாம்.

என் கை ஹைலக்ஸ் ஓட்டோவுக்குத்தான் போகும். எதை எடுத்தாலும், கடலில் பின்சில்லு நனைந்த அன்றைக்கே பிரேக் ட்ரம்மையும் ட்ரெயிலர் ஹப்பையும் நல்லதண்ணியால் கழுவுங்கள். என்னுடைய பழைய ட்ரெயிலரின் பெயாரிங்கை உப்புத்தான் தின்றது.