டிடி-214-ல் 'ஆளுமைக் கோளாறு': அமெரிக்க ராணுவப் பதிவுத் திருத்த வாரியங்களை நம்பிப் போகலாமா?

அமெரிக்கப் படையிலிருந்து வெளியே வருபவருக்குக் கொடுக்கும் டிடி-214 படிவத்தின் 28-ஆவது கட்டத்தில் 'ஆளுமைக் கோளாறு' என்று இருந்தால், அதை வெறும் மருத்துவக் குறிப்பு என்று விட்டுவிட முடியாது. அது படையில் சேருவதற்கு முன்பே இருந்த குணக்கேடு என்றுதான் ராணுவம் கொள்கிறது, ஊனமாக ஏற்பதில்லை. அதனால் மருத்துவ ஓய்வும் இல்லை, அதோடு வரும் ஓய்வூதியமும் இல்லை. வேலை கேட்கும் இடத்தில் முழுப் பிரதியைக் கேட்டால் அந்தச் சொல் அங்கேயும் போய்ச் சேரும்.

2001 நவம்பர் முதல் 2007 ஜூன் வரை சுமார் 26,000 பேர் இந்தக் காரணத்தோடு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சுமார் 2,800 பேர் ஒரு முறையாவது போர்ப் பணிக்குப் போய் வந்தவர்கள். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2008-ல் சொன்ன கணக்கு இது. வியட்நாம் காலத்தவர் நிலை இன்னும் மோசம். போர் போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயைக் குறிக்கும் பிடிஎஸ்டி என்ற நோய்ப்பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஏறியதே 1980-ல்தான்.

திருத்தம் கேட்க இரண்டு வகை வாரியங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியத்துக்கு டிடி-293 படிவம். வெளியேறி 15 ஆண்டுக்குள் போட வேண்டும். நேரில் பேச வாய்ப்புக் கேட்கலாம் என்பது இதன் பெரிய பலம். வெளியேற்றக் காரணத்தையும், கௌரவமான வெளியேற்றமா இல்லையா என்று குறிக்கும் பணித் தரத்தையும் மாற்றும். மருத்துவ ஓய்வு மட்டும் தராது. அது வேண்டுமென்றால் ராணுவப் பதிவுத் திருத்த வாரியத்துக்கு டிடி-149 போட வேண்டும். பிழை தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு கெடு என்றாலும், நீதியின் பொருட்டு அதைத் தளர்த்தும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. தாமதத்துக்கான காரணத்தைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். இங்கே நேர்முக விசாரணை அபூர்வம், காகிதம்தான் பேசும்.

களங்கச் சொல் போனால் போதும் என்பவருக்கு முதல் வாரியமே போதும். போரில் வந்த நோயை ஆளுமைக் கோளாறு என்று எழுதி அனுப்பப்பட்டவர் இரண்டாவதற்குத்தான் போக வேண்டும். இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: இவை துப்பறியும் அமைப்புகள் அல்ல. நீங்கள் வைக்காத ஆதாரத்தைத் தேடிப் போக மாட்டார்கள்.

பலர் சறுக்குவது கோரிக்கையில்தான். 'என் நோய்க்குறிப்பைத் திருத்துங்கள்' என்று மட்டும் எழுதுகிறார்கள். 28-ஆவது கட்டம் மாறினாலும் 26-ல் ஜேஎஃப்எக்ஸ் என்ற குறியீடு நின்றால், அதன் பொருள் ஆளுமைக் கோளாறு என்று இணையத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். எனவே 25, 26, 27, 28 நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: காரணம் 'செயலர் அதிகாரம்', குறியீடு ஜேஎஃப்எஃப், அதற்கேற்ற விதி எண், மறுசேர்க்கைக் குறியீடு. திருத்தத்தை டிடி-215 இணைப்பாகத் தராமல் புதிய டிடி-214 ஆகவே தரும்படி தனி வரியில் எழுதுங்கள். இணைப்பாகக் கொடுத்தால் எது திருத்தப்பட்டது என்பது பார்த்ததும் தெரியும். பாதிப் பயன் போய்விடும்.

ஆதாரத்தில் முதல் வேலை பதிவுகளை வரவழைப்பது. படையினர் பதிவுகளை வைத்திருக்கும் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்துக்கு எஸ்எஃப்-180 படிவம் போட்டாலும் மனநலக் குறிப்புகள் அதில் வராமல் போகலாம். அவை பல சமயம் தனியாக, சிகிச்சை நடந்த மருத்துவமனையின் பெயரில் கோக்கப்பட்டிருக்கும். மருத்துவமனை, ஆண்டு இரண்டையும் குறிப்பிட்டுத் தனியாகக் கேளுங்கள். முன்னாள் படையினர் நலத்துறையில் இருக்கும் கோப்புக்கு 20-10206 படிவம். அந்தத் துறை பிடிஎஸ்டி என்று ஏற்றுப் பணம் கொடுத்தாலும் டிடி-214 தானாக மாறாது; ஆனால் அவர்களது பரிசோதனை அறிக்கை வாரியத்தில் வலுவான சான்று.

அடுத்தது மருத்துவர் கடிதம். ஆளுமைக் கோளாறு என்றால் அது பதின்பருவத்திலோ இளமையின் தொடக்கத்திலோ தோன்றி, வீடு, வேலை, நட்பு என எல்லா இடத்திலும் நீடித்துத் தெரிய வேண்டும். படையில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, பதவி உயர்வு வந்திருக்கிறது, பணி மதிப்பீடுகள் நன்றாக இருக்கின்றன, போருக்குப் பிறகுதான் சரிவு என்றால் அந்த நோய்க்குறிப்பு நிற்காது. மருத்துவர் இந்தக் காகிதங்களைப் படித்ததாக எழுதி, எந்த நிபந்தனை பொருந்தவில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். 'இப்போது இவருக்கு பிடிஎஸ்டி உள்ளது' என்ற ஒரு வரிக் கடிதம் போதாது. அன்றைக்கும் இருந்தது என்பதே கேள்வி. அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர் (ஒரு நெருக்கடியைச் சமாளிக்க முடியாமல் வரும் தற்காலிக மனச்சிக்கல்) என்று எழுதப்பட்டவருக்கு வேறு வழி: காரணமான நெருக்கடி தீர்ந்து 6 மாதத்துக்கு மேலும் அறிகுறிகள் தொடர்ந்திருந்தால் அந்தப் பெயரே கேள்விக்குரியது.

நடைமுறைப் பிழையையும் விடாதீர்கள். ஆளுமைக் கோளாறுக்காக அனுப்பும் முன் எழுத்து மூலம் எச்சரித்து ஆலோசனை தந்து, சரிசெய்துகொள்ள அவகாசம் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் காகிதம் கோப்பில் இல்லை என்பதே ஒரு வாதம்.

2014-ல் பாதுகாப்புச் செயலர் ஹேகலும் 2017-ல் பாதுகாப்புத் துறை அதிகாரி கர்ட்டாவும் வெளியிட்ட குறிப்பாணைகள், மனநோய், மூளைக் காயம், பாலியல் வன்முறை சார்ந்த மனுக்களைத் தாராள மனத்தோடு பார்க்கச் சொல்கின்றன. அவற்றை மேற்கோள் காட்டுங்கள். ஆளுமைக் கோளாறை பிடிஎஸ்டி ஊன ஓய்வாக மாற்றக் கேட்கும் மனுவுக்கும் இது பொருந்தும் என்று 2023-ல் டோயான் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2024 ஏப்ரலில் பாதுகாப்புத் துறை அதிகாரி வசிராணி வெளியிட்ட குறிப்பாணை, பணிக்குத் தகுதியற்றவரா என்ற கேள்வியைத் தனியாகப் பிரித்து, அதற்கு அந்தத் தாராளம் கிடையாது என்கிறது. எங்கள் பார்வையில் இது படையினருக்குப் பாதகமான பின்னடைவு. எனவே மருத்துவ ஓய்வு கேட்பவர், வெளியேறிய நாளில் தன் வேலையைச் செய்ய முடியாத நிலையில் இருந்ததைப் பணிக் குறிப்புகள், உடன் பணியாற்றியவர்களின் சாட்சியங்கள் ஆகியவற்றால் தனியாக நிறுவ வேண்டும். 20 ஆண்டு சேவை முடிக்காதவருக்கு ஊன மதிப்பீடு 30 சதவீதமாவது வந்தால்தான் அது மருத்துவ ஓய்வாகும்.

வேகத்தில் இந்த வாரியங்களுக்கு மதிப்பெண் குறைவுதான். 90 சதவீத மனுக்களை 10 மாதத்துக்குள்ளும், எல்லாவற்றையும் 18 மாதத்துக்குள்ளும் முடிக்கச் சட்டம் சொல்கிறது. ஒன்றரை ஆண்டு என்று மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இடையில் வாரியத்தின் மனநல மருத்துவர் எழுதிய கருத்துரை உங்களுக்கு வரும். பெரும்பாலும் 30 நாள் தருவார்கள். பதில் சொல்லாமல் விட்டால் அந்தக் கருத்துரையே தீர்ப்பாகிவிடக்கூடும். மறுத்துவிட்டால், முன்பு வைக்காத புதிய ஆதாரத்தோடு எப்போது வேண்டுமானாலும் மறுபரிசீலனை கேட்கலாம். அதை ஏற்றுப் பார்க்க வாரியம் கடமைப்பட்டது. ஆகவே பாதி ஆதாரத்தோடு அவசரப்பட்டு அனுப்பாமல், மருத்துவர் கடிதம் கைக்கு வந்த பிறகே டிடி-149-ல் கையெழுத்துப் போடுங்கள்.