புரோடுத்தோரி தெல் பார்பரெஸ்கோ 2016: வைத்துக் குடிக்க ஒரு பெட்டி

பழசாக்கிக் குடிக்க எந்த இத்தாலிய ஒயினை வாங்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் பரோலோ என்றுதான் பதில் வரும். என் ஓட்டு பக்கத்திலேயே இருக்கும் பார்பரெஸ்கோவுக்கு, அதிலும் அந்த ஊர்க் கூட்டுறவுச் சங்கமான புரோடுத்தோரி தெல் பார்பரெஸ்கோவின் சாதா பாட்டிலுக்கு. சிறு தோட்டக்காரர்கள் 19 பேரை 1958இல் ஊர்ப் பாதிரியார் ஒன்று சேர்த்து ஆரம்பித்தது. முதல் மூன்று வருஷ ஒயின் சர்ச்சின் நிலவறையிலேயே தயாரானது. கூட்டுறவு என்றதும் ரேஷன் கடை ஞாபகம் வந்தால் அதை மறந்துவிடுங்கள்.

நெபியோலோ என்ற ஒரே திராட்சை. பார்வைக்கு வெளிர்சிவப்பு, சாது. வாய்க்குள் போனால்தான் குணம் தெரியும். 2016 அங்கே அருமையான வருஷம் என்பதால் பெட்டியாக வாங்கி, 13 டிகிரியில் ஒயின் ஃபிரிட்ஜுக்குள் படுக்கப் போட்டேன். ஒரே ஒயினைப் பல வயதில் குடித்துப் பார்ப்பதற்கு ஒற்றை பாட்டில் போதாது.

புதிதில் செர்ரியும் ரோஜாவும் தூக்கலாக மணந்தன. ஆனால் இரண்டாவது மடக்கிலேயே கொட்டைப்பாக்கு மென்ற மாதிரி நாக்கை இழுத்துப் பிடித்தது. கூட ஆட்டுக்கறி இருந்ததால் சமாளிக்க முடிந்தது. நடுவில் ஒரு கட்டம், மணமே எழும்பாமல் மூடிக்கொண்டது. நெபியோலோவுக்கு இது வழக்கம்தான். அந்த நேரத்தில் திறப்பவர்கள்தான் ‘இதற்கா இவ்வளவு பேச்சு?’ என்பார்கள்.

இப்போது திறந்ததுதான் காசுக்கு ஈடு. வண்டல் அடியில் இறங்கட்டும் என்று முந்தைய நாளே நிமிர்த்தி வைத்திருந்தேன். கோப்பையைச் சாய்த்தால் ஓரத்தில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருக்கிறது. ஊற்றியவுடன் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் காற்றாட விட்ட பிறகு காய்ந்த ரோஜா இதழ், லேசாகத் தார், மழையில் நனைந்த சருகு என்று ஒவ்வொன்றாக வந்தன. துவர்ப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் ஈறைப் பிடிக்கவில்லை. துவர்ப்பைத் தரும் டானின்கள் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ஒரு பகுதி வண்டலாகப் போய்விடுகிறது. புளிப்பு மட்டும் அசையவே இல்லை. அதை நம்பித்தான் மிச்ச பாட்டில்களைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

கூடுதல் காலம் முதிரவைத்து விற்கும் ரிசர்வா வாங்கலாமா? சாதா பார்பரெஸ்கோவுக்குச் சட்டப்படி 26 மாத முதிர்ச்சி, ரிசர்வாவுக்கு 50 மாதம். அசிலி, ரபயா, மொந்தெஸ்தெஃபனோ என ஒன்பது தோட்டங்களுக்குத் தனித்தனி ரிசர்வா போடுகிறார்கள். மொந்தெஸ்தெஃபனோ முரடு, இன்னும் நீண்ட பொறுமை கேட்கும். என்னைக் கேட்டால் ரிசர்வா போடாத வருஷங்களைக் கவனியுங்கள். அந்தத் தோட்டங்களின் பழமெல்லாம் அப்போது சாதா பாட்டிலுக்குள்தான் போகிறது.

வீட்டில் குளிர்ந்த, இருட்டான இடம் இல்லையா? அப்படியானால் பார்பரெஸ்கோவைப் பெட்டியாக வாங்காதீர்கள். அதே சங்கத்தின் லாங்கே நெபியோலோ விலையும் குறைவு, இந்த வாரமே திறக்கலாம்.